பிள்ளை பார்த்துக்கொள்ளவும் ஒரு பட்டமா?

"சைல்ட் அண்ட் யூத் கேர் படிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடும். நர்சரி டீச்சர் வேலைக்கா? காப்பகத்தில் பிள்ளை தூக்கவா? இல்லை, குழந்தை டாக்டருக்கா? மூன்றும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "பிள்ளை பார்த்துக்கொள்ள நாலு வருஷம் யுனிவர்சிட்டியில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்?"

கேட்பவர் மேல் தப்பில்லை. பெயர் அப்படி. 'கேர்' என்றதும் தொட்டிலும் பால் புட்டியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் இந்தப் படிப்பை முடித்தவர்களில் பலர் தொட்டில் பக்கமே போவதில்லை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வாழும் குழு இல்லம், வகுப்பில் உட்கார முடியாத மாணவன் வந்து நிற்கும் பள்ளி வராந்தா, மருத்துவமனையின் சிறார் மனநல வார்டு, வீட்டை விட்டு வந்த இளைஞர்கள் இரவு தங்கும் விடுதி என்று அவர்கள் வேலை செய்யும் இடங்கள் வேறு.

தமிழில் இதைச் 'சிறார் இளையோர் பராமரிப்பு' என்று சொல்லலாம். சிக்கலான சூழ்நிலையில் வளரும் பிள்ளைகளோடும் இளைஞர்களோடும், அவர்களுடைய அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே இருந்துகொண்டு, அங்கே நடக்கும் சாதாரண விஷயங்களையே பயன்படுத்தி அவர்கள் வளர உதவும் தொழில் இது. 'அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே' என்ற இடத்தைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். மற்ற தொழில்களிலிருந்து இது பிரிவது அங்கேதான்.

பக்கத்து வீட்டுப் படிப்புகள்

இந்தத் துறைக்கு உறவுக்காரர்கள் நிறைய. அதனால்தான் ஆள் மாறாட்டமும் நிறைய.

மழலையர் கல்வி என்பது பள்ளிக்கூடம் போவதற்கு முந்தைய வயதுப் பிள்ளைகளின் கற்றலும் விளையாட்டும் சார்ந்தது. சமூகப்பணி ஒரு குடும்பத்தைச் சுற்றியுள்ள அமைப்புகளைக் கையாள்கிறது: சட்டம், உதவித்தொகை, குடியிருப்பு, நீதிமன்ற அறிக்கை. மருத்துவ உளவியல் மதிப்பிட்டு, கண்டறிந்து, சிகிச்சை தருகிறது. அது பெரும்பாலும் ஒரு அறையில், குறித்த நேரத்தில் நடக்கும்.

ஒரு 14 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பது பாதுகாப்பில்லை என்று முடிவாகி, குழு இல்லத்துக்கு வந்திருக்கிறாள். அந்த முடிவைப் பரிந்துரைத்தவர், கோப்பை நகர்த்துபவர் சமூகப்பணியாளர். புதன்கிழமை மாலை 4 மணிக்கு அவளைச் சந்திப்பவர் உளவியலாளர். சரி, வியாழக்கிழமை காலை 7 மணிக்கு அவளை எழுப்புபவர் யார்? போர்வையை இழுத்து மூடிக்கொண்டு "ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்று சொல்லும்போது கதவருகே நிற்பவர் யார்? பல் டாக்டர் காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் யார்?

அந்த ஆளுக்கான படிப்புதான் இது.

மீதி 23 மணி நேரம்

புதிய மொழி ஒன்றைக் கற்க வாரம் ஒரு மணி நேரம் வகுப்புக்குப் போகலாம். இலக்கணம் தெளிவாகும், தப்புகளை ஆசிரியர் திருத்துவார். இல்லாவிட்டால், அந்த மொழி பேசும் வீட்டில் ஆறு மாதம் தங்கலாம். தண்ணீர் கேட்பது, சண்டை போடுவது, மன்னிப்புக் கேட்பது எல்லாமே அந்த மொழியில்தான் நடந்தாக வேண்டும். மொழி நாக்கில் உட்காருவது இப்படித் தங்கும்போதுதான். வகுப்பு வீண் என்று சொல்லவில்லை. வகுப்பில் படித்ததை வீட்டில் யாரும் பேசாவிட்டால் அது நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடும்.

மனிதர்களை நம்புவதும் கோபத்தை அடக்குவதும் 'வேண்டாம்' என்று சத்தம் போடாமல் சொல்வதும்கூட ஒருவகை மொழிதான். அதைப் பேசாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரச் சிகிச்சை மட்டும் போதுமா?

1969இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ட்ரீஷ்மன், ஜேம்ஸ் விட்டேகர், லாரி பிரெண்ட்ரோ ஆகிய மூவர் சேர்ந்து எழுதிய நூலின் தலைப்பே 'மீதி 23 மணி நேரம்' என்பதுதான். சிகிச்சை இல்லத்தில் இருக்கும் பிள்ளை ஒரு நாளில் ஒரு மணி நேரம் சிகிச்சையாளரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மிச்ச 23 மணி நேரமும் வெறும் காத்திருப்பா? இல்லை என்றார்கள் அவர்கள். காலையில் எழுப்புவது, சாப்பாட்டு மேசை, விளையாட்டு, இரவு படுக்கப் போவது என்று ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, அங்கே என்னென்ன செய்ய முடியும் என்று எழுதினார்கள். இன்று படிக்க எளிமையாகத் தோன்றும். அதுவரை அந்த நேரங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் 'கண்காணிப்பாளர்கள்' என்ற கணக்கில்தான் இருந்தார்கள். பிள்ளைகளை எண்ணிச் சரிபார்ப்பவர்கள், அவ்வளவுதான்.

அவர்களுக்கு முன்னோடி ஃபிரிட்ஸ் ரெட்ல். வியன்னாவிலிருந்து 1930களில் அமெரிக்கா வந்தவர். யாராலும் சமாளிக்க முடியாதவர்கள் என்று பெயர் வாங்கிய சிறுவர்களுக்காக 1946இல் டெட்ராய்ட் நகரில் பயனியர் ஹவுஸ் என்ற சின்ன இல்லத்தை நடத்தினார். பணம் போதாமல் இரண்டு ஆண்டுக்குள் மூடவேண்டி வந்தது. ஆனால் அங்கே தினமும் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து டேவிட் வைன்மனோடு சேர்ந்து அவர் எழுதிய இரண்டு நூல்கள் இந்தத் துறைக்கே அஸ்திவாரம் ஆயின. தோற்றுப்போன திட்டம் ஒன்று இவ்வளவு தூரம் வேலை செய்தது ஒரு வேடிக்கைதான்.

ரெட்ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் ஒன்று இங்கே தேவை: வாழ்வெளி. ஒரு பிள்ளை வாழும் இடம், அங்கே இருக்கும் ஆட்கள், அங்கே நடப்பவை எல்லாம் சேர்ந்ததுதான் வாழ்வெளி. சண்டை நடந்தால் மூன்று நாள் கழித்து அலுவலக அறையில் கூப்பிட்டு விசாரிப்பதைவிட, நடந்த இடத்திலேயே, சூடு கொஞ்சம் ஆறியதும், அந்தப் பிள்ளைக்குப் பழக்கமான ஆளே பேசுவது மேல் என்றார் அவர்.

இதுவரை வந்த தூரம் இவ்வளவு. இந்தத் தொழில் வாழ்வெளிக்குள் நடக்கிறது. அதற்கென்று தனி அறையோ தனி நேரமோ இல்லை. பல் தேய்ப்பதும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதும்தான் அதன் சந்தர்ப்பங்கள்.

ஒரு சலவைக் கூடை

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் செய்வது என்ன? ஒரு கற்பனைக் காட்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

இரவு 8:40. குழு இல்லம். 13 வயதுப் பையன் போனை வைக்கிறான். சனிக்கிழமை வருவதாகச் சொன்ன அம்மா, வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வராந்தாவில் இருந்த சலவைக் கூடையை உதைக்கிறான். துணிகள் சிதறுகின்றன. இன்னொரு உதை. பக்கத்து அறையிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான்.

பயிற்சி இல்லாத நல்ல மனிதர் இங்கே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, "ஏய், என்ன இது? எடுத்து வை!" என்பது. இன்னொன்று, ஓடிப்போய்த் தோளைத் தொட்டு "என்னப்பா ஆச்சு, என்கிட்ட சொல்லு" என்பது. இரண்டுமே அந்த நிமிடத்தில் தீயில் எண்ணெய்தான். முதலாவது அவனுக்குச் சண்டை போட ஒரு ஆளைக் கொடுக்கிறது. இரண்டாவது, எட்டிப் பார்த்துச் சிரிப்பவன் முன்னால் அவனை அழச் சொல்கிறது.

பயிற்சி பெற்றவர் முதலில் சிரித்த பையனைப் பார்க்கிறார். "நீ உள்ளே போ, நான் அப்புறம் வரேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லி அனுப்புகிறார். இப்போது வேடிக்கை பார்க்க ஆள் இல்லை. பிறகு கூடையிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் உட்காருகிறார். நின்றுகொண்டு குனிந்து பேசினால் அது மிரட்டலாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவன் அறைக்குப் போகும் வழியை மறிக்காமல் உட்காருகிறார். ஒரு துண்டை எடுத்து மடிக்கிறார். இன்னொன்று. பேச்சே இல்லை.

மூன்று நிமிடம் ஆகிறது. அவன் சுவரில் சாய்ந்து உட்காருகிறான். அவர் பாதிக் குவியலை அவன் பக்கம் தள்ளுகிறார். அவன் ஒரு காலுறையை எடுக்கிறான், ஜோடியைத் தேடுகிறான். "வரமாட்டாங்களாம்" என்கிறான். "ம்" என்கிறார் அவர். "சனிக்கிழமைக்கு நீ ரெடியா இருந்தே." அவ்வளவுதான். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அடுத்த வாரம் வருவார் என்று பொய் வாக்கும் கொடுக்கவில்லை. கூடை நிரம்பியதும் இருவரும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கூடையை உதைத்ததைப் பற்றிய பேச்சு மறுநாள் காலையில் உண்டு. அதை அவர் மறக்கவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒருவர் துணி மடித்தார். அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவர் எடுத்த முடிவுகளை எண்ணிப் பாருங்கள்: யாரை அனுப்புவது, எங்கே உட்காருவது, எப்போது பேசாமல் இருப்பது, எந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவது, கண்டிப்பை எப்போதைக்குத் தள்ளிப் போடுவது. இவற்றைத் தற்செயலாக ஒரு நாள் சரியாகச் செய்ய யாராலும் முடியும். களைத்துப்போன இரவிலும், பிடிக்காத பிள்ளையிடமும், காரணம் தெரிந்து செய்வதற்குத்தான் படிப்பு.

பிறகு அவர் பதிவேட்டில் எழுதுகிறார். இதுவும் வகுப்பில் சொல்லித் தரும் விஷயம்தான். 'ஆக்ரோஷமாக நடந்துகொண்டான்' என்று எழுதினால் அந்தச் சொல் அவன் கோப்பில் ஆண்டுக்கணக்கில் இருக்கும், அடுத்த இல்லத்துக்கு அவனுக்கு முன்னால் போய்ச் சேரும். '8:40க்கு அம்மாவோடு போன் பேசி முடித்ததும் கூடையை இரண்டு முறை உதைத்தான். யாருக்கும் அடி இல்லை. 8:55க்குத் துணிகளை மடிக்க உதவினான்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு பையன் தெரிகிறான். ஒரு தொழிலின் தரத்தை அதன் பதிவேட்டைப் படித்தே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

நொண்டி நடக்கும் கால்

அந்த உதையைப் புரிந்துகொள்ள என்ன அறிவு தேவைப்பட்டது?

காலில் சுளுக்கு விழுந்தவர் நொண்டி நடப்பார். நொண்டுவது கெட்ட பழக்கம் என்று யாரும் திட்டுவதில்லை. அடிபட்ட இடத்தில் பாரம் விழாமல் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. பிரச்சினை என்னவென்றால், சுளுக்கு ஆறிய பின்பும் சிலருக்கு அந்த நடை ஒட்டிக்கொள்ளும். அப்போது இடுப்பு வலிக்கும், முதுகு வலிக்கும்.

நிறைய இழப்புகளைப் பார்த்த பிள்ளைகளின் நடத்தையும் பல நேரம் இப்படித்தான். பொய் சொல்வது, ஒளித்து வைப்பது, தள்ளிவிடுவது, யாரோடும் ஒட்டாமல் இருப்பது எல்லாம் ஒரு காலத்தில் அவர்களைக் காப்பாற்றிய வழிகள். ஜேம்ஸ் ஆங்லின் என்ற கனடியப் பேராசிரியர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் குழு இல்லங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட நூலில் இதற்கு வலியிலிருந்து வரும் நடத்தை என்று பெயர் வைத்தார். மனதுக்குள் இருக்கும் வலி வெளியே நடத்தையாகத் தெரிவது என்று பொருள். நடத்தையை மட்டும் அடக்கிவிட்டு வலியைத் தொடாமல் விடுவது அங்கே சாதாரணமாக நடந்ததை அவர் கவனித்தார்.

இதைச் சொன்னதும், "அப்படியென்றால் என்ன செய்தாலும் விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்பார்கள். இல்லை. நொண்டுபவரைத் திட்டுவதில்லை, அதே நேரம் அப்படியே நொண்டட்டும் என்று விடுவதுமில்லை. நடையைத் திரும்பப் பழக்குகிறோம். கூடையை உதைத்ததற்கு மறுநாள் பேச்சு உண்டு என்று சொன்னேனே, அது இதற்காகத்தான்.

இன்னொரு அடிப்படைச் சொல் பாசப் பிணைப்பு. பயம் வந்தால் யாரிடம் ஓடுவது, ஓடினால் என்ன கிடைக்கும் என்று குழந்தையின் மனம் அனுபவத்திலிருந்து போட்டுக்கொள்ளும் கணக்கு அது. ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை முதல் இது ஒரு பெரிய ஆராய்ச்சித் துறையாக வளர்ந்திருக்கிறது. ஓடிப்போனபோதெல்லாம் தூக்கி அணைத்த ஆள் இருந்த பிள்ளை, புதிய பெரியவர்களையும் ஓரளவு நம்பும். நான்கு வீடு மாறிய பிள்ளையின் கணக்கு வேறு: எல்லோரும் ஒரு நாள் போவார்கள், எப்போது என்பதுதான் தெரியாது. அதனால், யாராவது நன்றாக நடந்துகொள்ள ஆரம்பித்தால் பயம் கூடுகிறது. சரி, சீக்கிரம் தெரிந்துகொள்வோம் என்று அவர்களைச் சீண்டிப் பார்க்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மிகவும் நொந்துபோவது இந்த இடத்தில்தான். "நான் இவ்வளவு அன்பாக இருந்தேன், எனக்கே இப்படிச் செய்தானே" என்பார்கள். அன்பாக இருந்ததால்தான் செய்தான்.

உளி நீங்கள்தான்

தச்சருக்கு உளி, டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப். இந்தத் தொழிலில் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் குரல், முகம், பொறுமை, நீங்கள் உட்காரும் விதம் ஆகியவைதான் கருவி. உளி மழுங்கினால் தச்சருக்குத் தெரிந்துவிடும். நம் பொறுமை மழுங்கியது நமக்குக் கடைசியாகத்தான் தெரியும்.

இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்போது ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் தொடங்கினாலும், கொஞ்ச தூரத்தில் இருவர் நடையும் ஒன்றுபோல ஆகிவிடும். யாரும் சொல்லி நடப்பதில்லை. கொந்தளிப்பில் இருக்கும் பிள்ளையும் எதிரே இருப்பவரின் மூச்சையும் குரலையும் பின்தொடரும். பெரியவரின் நிதானத்தைக் கடனாக வாங்கிப் பிள்ளை தானும் அடங்குவதற்கு கூட்டு நிதானம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவதும் இதுதான். சிக்கல், இது இரண்டு பக்கமும் ஓடும். பெரியவர் பதறினால் பதற்றமும் கடனாகப் போகும்.

எனவே இந்தப் படிப்பில் தன்னைப் பற்றிய பாடம் பெரிய பங்கு வகிக்கிறது. எந்தச் சொல் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது? நான் வளர்ந்த வீட்டில் அழுகைக்கு என்ன பதில் கிடைத்தது? எந்தப் பிள்ளையை எனக்குக் காரணமில்லாமல் பிடிக்கிறது? நடந்ததைத் திரும்ப எடுத்து, அதில் தன் பங்கு என்ன என்று ஆராயும் இந்தப் பழக்கத்துக்கு மீள்நோக்கு என்று பெயர். மாணவர்கள் வாராவாரம் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டில் பலருக்கு இது வெறும் டைரி எழுதுவதாகப் படும். களப்பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அப்படிச் சொல்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

இதற்குத் துணையாக மேற்பார்வை என்று ஒன்று உண்டு. மேலதிகாரி வந்து வேலையைச் சோதிப்பது என்று நினைக்க வேண்டாம். அனுபவம் உள்ள ஒருவரோடு குறித்த நேரத்தில் உட்கார்ந்து, "அன்றைக்கு ஏன் அப்படிப் பேசினேன்?" என்று பயமில்லாமல் யோசிக்கும் இடம். இது இல்லாத இடங்களில் நல்ல ஆட்கள் சீக்கிரம் வேலையை விட்டுப் போகிறார்கள், அல்லது கல்லாகிப் போகிறார்கள்.

எல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். எவ்வளவு நெருக்கம், எதுவரை என்பதுதான் அது. அந்தப் பையனுக்கு நீங்கள் அம்மா இல்லை, நண்பர் இல்லை. சொந்தப் போன் எண்ணைக் கொடுக்கலாமா, பரிசு வாங்கித் தரலாமா, வேலையை விட்டபின் தொடர்பு வைக்கலாமா என்று வகுப்பில் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். சுலபமான பதில் கிடைத்தால் அது பெரும்பாலும் தப்பான பதிலாக இருக்கும்.

இதுவரை பார்த்ததில் இரண்டு முடிச்சுகள் முக்கியம். நடத்தைக்குப் பின்னால் இருக்கும் வலியைப் படிக்கத் தெரிய வேண்டும். அப்படிப் படிக்கும் நேரத்தில் தன் வலி குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

வகுப்பில் என்ன நடக்கும்?

பாடங்களின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். குழந்தை, இளமைப் பருவ வளர்ச்சி, ஆலோசனை உரையாடல், குடும்பங்களோடு வேலை செய்வது, குழுவை நடத்துவது, சட்டமும் நெறியும், ஆராய்ச்சி முறைகள் ஆகியவை அநேகமாக எங்கும் இருக்கும். வட அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் வழங்கும் வாரியம் தேவையான திறமைகளை 5 பிரிவாகப் பிரித்திருக்கிறது: தொழில்நெறி, பண்பாட்டு வேறுபாடுகளைப் புரிந்துகொள்வது, மனித வளர்ச்சி பற்றிய அறிவு, உறவும் உரையாடலும், வளர்ச்சிக்கு உதவும் செயல்முறைகள்.

சட்டப் பாடத்தில் ஒரு விஷயத்தை எல்லோரும் தூக்கத்திலும் சொல்லுமளவுக்குப் படிக்க வேண்டும். பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் உரிய அதிகாரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. இதுவே கட்டாயத் தகவல் கடமை. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பிள்ளை கெஞ்சினாலும் வாக்குக் கொடுக்க முடியாது. அதை முன்கூட்டியே, உறவு கெடாமல் எப்படிச் சொல்வது என்பதற்கும் பயிற்சி உண்டு.

குழந்தை உரிமைகளைப் பற்றிப் பேசும்போது 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை வரும். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. எனக்குப் பிடித்த முன்னோடி அதற்கும் வெகுமுன்னால் போலந்தின் வார்சா நகரில் இருந்தவர். யானுஷ் கோர்ச்சாக், குழந்தை மருத்துவர். 1912இலிருந்து யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தினார். அங்கே பிள்ளைகளே நடத்தும் நீதிமன்றம் இருந்தது. பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். ஆறு மாதத்தில் தன்னையே ஐந்து முறை அந்த நீதிமன்றத்தில் நிறுத்திக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒன்று, ஒரு பையனின் காதில் அறைந்ததற்காக. 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பியபோது, தான் தப்ப வாய்ப்பிருந்தும் அவர்களை விடாமல் கூடவே போனார்.

அப்புறம் களப்பயிற்சி. உண்மையான இல்லத்தில், பள்ளியில், இளைஞர் மையத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வேலை செய்வது. அதற்குள் நுழையவே குற்றப் பின்னணிச் சோதனை கேட்பார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவர் இங்கே திணறுவதும், எழுத்தில் சுமாராக இருந்தவர் இங்கே ஜொலிப்பதும் சாதாரணம்.

நல்லது செய்யப்போய்

இந்தத் துறை வலுவாக வளர்ந்த நாடு கனடா. அங்கேயே இதன் இருண்ட பக்கமும் இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளை 'நாகரிகப்படுத்த' என்று சொல்லி, குடும்பத்திடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்தார்கள். 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்படிப் போனார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் கொடுத்த 94 பரிந்துரைகளில் முதல் 5 குழந்தைகள் நலம் பற்றியவை.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கனடாவின் 15 வயதுக்குக் கீழான பிள்ளைகளில் 7.7 சதவீதம் பேர்தான் பூர்வகுடிகள். ஆனால் வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம்.

இதனால்தான் நல்ல பல்கலைக்கழகத் திட்டங்கள் 'அன்பு போதும்' என்ற பேச்சைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. உறைவிடப் பள்ளிகளில் வேலை செய்தவர்களிலும் தாங்கள் நல்லது செய்வதாக நம்பியவர்கள் இருந்தார்கள். யாருடைய வளர்ப்பு முறையை 'சரி' என்கிறோம், ஏழ்மையை அலட்சியம் என்று எழுதிவிடுகிறோமா, இந்தப் பிள்ளையின் மொழியும் சொந்தங்களும் எங்கே போகின்றன என்ற கேள்விகள் பாடத்திட்டத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அலங்காரத்துக்கு ஒரே ஒரு பாடமாக வைத்து முடித்துக்கொண்டால் அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வராது.

எங்கே படிக்கிறார்கள்?

கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை இருக்கிறது. டொரொன்டோ மெட்ரோபாலிட்டன், மெக்யூவன் பல்கலைக்கழகங்களிலும் பட்டப்படிப்பு உண்டு. கல்லூரி டிப்ளமா முடித்து, வேலை செய்துகொண்டே பட்டத்துக்குப் போகிறவர்களும் நிறைய. கியூபெக் மாகாணத்தில் இதே மரத்தின் இன்னொரு கிளை 'உளக்கல்வியியல்' என்ற பெயரில் வளர்ந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவு செய்துதான் அங்கே வேலை பார்க்க வேண்டும். எய்ட்ஸால் பெற்றோரை இழந்து, மூத்த பிள்ளையே குடும்பத்தை நடத்தும் வீடுகளுக்குப் பணியாளர்கள் போய்வரும் இசிபிந்தி என்ற திட்டமும் அங்கே பிறந்ததுதான். பிள்ளைகளை இல்லத்துக்கு அழைத்து வருவதற்குப் பதிலாக, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்திலும் மாலையில் வீட்டுப்பாடம் செய்யும் நேரத்திலும் பணியாளர் அந்த வீட்டுக்கே போகிறார். வாழ்வெளி என்றால் கட்டடம் என்று நினைத்தவர்களுக்கு நல்ல பதில்.

ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளில் 'சமூகக் கல்வியியல்' என்ற பழைய மரபு கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. நீங்கள் தேடும்போது ஒரே பெயரில் எங்கும் கிடைக்காது. பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

வேலைகளில் ஷிப்ட் உண்டு, இரவு உண்டு, சம்பளம் பெரும்பாலும் உழைப்புக்குக் குறைவு. இதை மறைத்துச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

விண்ணப்பம் போடும் முன்

"எனக்குக் குழந்தைகள் என்றால் ரொம்பப் பிடிக்கும்" என்பதை மட்டும் எழுதி விண்ணப்பிப்பவர்கள் அதிகம். உங்களைப் பிடிக்காத பிள்ளையோடு எட்டு மணி நேர ஷிப்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இளைஞர் மையம் ஒன்றில் சில மாதம் தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். சொந்த வாழ்க்கையில் கஷ்டப்பட்டவர்கள் பலர் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். அது ஒரு பலம்தான், ஆனால் ஆறாத காயத்தோடு வந்தால் அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் ஆறுதல் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியவற்றில் களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த ஆண்டில் தொடங்குகிறது, முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் இணையத்திலேயே கிடைத்துவிடும். கிடைக்காத ஒன்று இருக்கிறது. அதை இப்போது அங்கே படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்துத்தான் கேட்க வேண்டும்: "களப்பயிற்சியில் ஒரு நாள் எல்லாம் தப்பாகப் போய்விட்டால், மறுநாள் யாரிடம் போய்ப் பேசுவீர்கள்?" அவர் யோசிக்காமல் ஒரு ஆளின் பெயரையும் ஒரு கிழமையையும் சொன்னால், விண்ணப்பத்தை நிரப்பலாம்.